குளிசையும் கக்கூசும்: தேயிலைத் தோட்டங்களில் ரத்தம் குறைந்த கதை

'ரத்தம் காணாது' எண்ட சொல்லைக் கேட்காமல் எங்கட வீடுகளில் ஒரு பெண்பிள்ளையும் வளர்ந்திருக்க மாட்டாள். பள்ளிக்கூடத்தில் தலைசுற்றி விழுந்தால் ரத்தம் காணாது. கர்ப்பிணிக் கிளினிக்குக்குப் போய்வந்த அக்காவுக்கும் ரத்தம் காணாது. அதோட ஒரு பையில் குளிசை வரும். கீரை சாப்பிடு, ஈரல் சாப்பிடு, பேரீச்சம்பழம் சாப்பிடு எண்ட புத்திமதியும் வரும். காணாமல் போன ரத்தம் எங்கே போனது எண்ட கேள்வி மட்டும் அநேகமாக வராது.

நாங்கள் கலைப்பீடத்து ஆட்கள், மருத்துவம் படிக்கிறவர்கள் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி மருத்துவத்துக்கு மட்டும் உரியது இல்லை எண்டு நினைக்கிறோம். இரும்புச்சத்துக் குறைவால் வரும் குருதிச்சோகையை ஒரு கணக்குப் புத்தகம் போலப் பார்க்கலாம். ஒரு பக்கம் வரவு: உணவில் இருந்து குடல் உறிஞ்சி எடுக்கும் இரும்பு. மற்றப் பக்கம் செலவு: மாதவிடாய், பிள்ளைப்பேறு, காயம், புழு. செலவு வரவை மிஞ்சினால் முதலில் சேமிப்புக் கரையும், பிறகு ஈமோகுளோபின் இறங்கும். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ஒரு டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழும், கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் கீழும் இறங்கினால் குருதிச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். இவ்வளவும் உடம்புக்குள்ளே நடக்கிற கணக்கு. அந்த வரவைக் குறைத்ததும் செலவைக் கூட்டியதும் யார் எண்டு தேடிப்போனால் வரலாற்றுக்குள்தான் போய் நிற்க வேண்டியிருக்கு. இலங்கையில் அந்தத் தேடலுக்கு மிகப் பொருத்தமான இடம், நாங்கள் நினைக்கிறபடி, பிரித்தானியர் காலத் தேயிலைத் தோட்டங்கள்.

முதலில் ஒரு சின்னச் சுற்று ஐரோப்பாவுக்கு. அங்கே பல நூற்றாண்டுகளாக இளம்பெண்கள் வெளிறிப் போவதை 'பச்சை நோய்' எண்டார்கள். காதல் ஏக்கம், கன்னிமை, நரம்புத் தளர்ச்சி எண்டு ஆளுக்கொரு காரணம். 17ஆம் நூற்றாண்டில் தோமஸ் சிடன்ஹாம் இரும்பைத் திராட்சை மதுவில் ஊறவைத்துக் கொடுத்தார். 1830களில் பிரான்சின் பியர் புளோ இரும்பு உப்பைக் குளிசையாக்கினார். இண்டைக்குக் கிளினிக்கில் கொடுக்கிற குளிசைக்கு அதுதான் பூட்டன். இதில் கவனிக்க வேண்டியது, காரணம் விளங்க முன்னமே மருந்து வேலை செய்தது. வேலை செய்கிற மருந்து கையில் இருந்தால் காரணத்தைத் தேடுகிற அவசரம் குறைந்துவிடும். இந்தக் கட்டுரை முழுக்க இது திரும்பத் திரும்ப வரும்.

இனிப் புழுவுக்கு வருவோம். 1838இல் மிலான் நகர ஆஸ்பத்திரியில் இறந்த ஒரு பெண்ணின் குடலில் அஞ்சலோ டுபினி எண்ட வைத்தியர் ஒரு சின்னப் புழுவைக் கண்டார். ஒரு சென்ரிமீற்றர் அளவு நீளம், வளைந்த தலை. நாங்கள் பள்ளிக்கூடத்தில் கொழுக்கிப்புழு எண்டு படித்தது இதைத்தான். 1850களில் கிரிசிங்கர் எண்ட ஜெர்மன் வைத்தியர், எகிப்திய விவசாயிகளின் வெளிறல் நோய்க்கு இந்தப் புழுதான் காரணம் எண்டு கெய்ரோவில் இருந்து எழுதினார். பெரிசாக யாரும் கணக்கெடுக்கவில்லை. அல்ப்ஸ் மலையைக் குடைந்து கொதார்ட் ரயில் சுரங்கம் வெட்டியபோதுதான், 1880 அளவில், இத்தாலியத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக வெளிறி விழுந்தார்கள். தூரினைச் சேர்ந்த பெரொன்சித்தோ அவர்களின் குடலில் அதே புழுவைக் காட்டினார். 15 கிலோமீற்றர் சுரங்கம். உள்ளே வெக்கை, ஈரம், இருட்டு, மலசலகூடம் இல்லை. புழுவுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது.

புழு வாயால்தான் உள்ளே போகுது எண்டு நம்பிக்கொண்டிருந்த காலத்தில், 1898 அளவில், கெய்ரோவில் வேலை செய்த ஆர்தர் லூஸ் தற்செயலாகக் குடம்பிகள் கலந்த தண்ணீரைத் தன் கையில் சிந்திவிட்டார். சிந்திய இடம் எரிந்து சிவந்தது. கொஞ்ச நாளில் அவருடைய மலத்திலேயே முட்டைகள். அப்படித்தான் விளங்கியது: நோயாளியின் மலத்தோடு முட்டை நிலத்தில் விழும், ஈரமும் நிழலும் சூடும் இருந்தால் குடம்பியாகும், வெறுங்காலோடு மிதிக்கிறவரின் தோலைத் துளைத்து ரத்தத்தோடு போய் நுரையீரல் ஏறி, தொண்டை வழியாக விழுங்கப்பட்டு, சிறுகுடலில் கொழுவிக்கொள்ளும். வருசக்கணக்கில் அங்கேயே கிடந்து குடிக்கும்.

எவ்வளவு குடிக்கும்? இதில் இரண்டு இனம் முக்கியம். ஒரு இனம் நாளுக்குப் புழுவொன்றுக்கு ஏறத்தாழ 0.2 மில்லிலீற்றர் ரத்தம் எடுக்கும். மற்றது, நெக்கேற்றர், 0.03 மில்லிலீற்றர்தான். சின்னத் துளி. ஆனால் ஒருவரிடம் 100 நெக்கேற்றர் இருந்தால் நாளுக்கு 3 மில்லிலீற்றர். ஒரு மில்லிலீற்றர் நல்ல ரத்தத்தில் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கும், ஆக 1.5 மில்லிகிராம் இரும்பு குடலுக்குள் கொட்டுண்டு போகுது. அதில் ஒரு பங்கைக் குடல் திரும்ப உறிஞ்சும், சரி. ஆனாலும் சாதாரண ஆள் ஒரு நாளுக்கு இழக்கிற மொத்த இரும்பே 1 மில்லிகிராம் அளவுதான். மாதவிடாய் வருகிற பெண்ணுக்கு அதோட இன்னும் அரை மில்லிகிராமுக்கு மேல் சேரும். ஒரு கர்ப்பகாலம் முழுக்க ஏறத்தாழ 1000 மில்லிகிராம் தேவைப்படும். சோறும் மரக்கறியுமாகச் சாப்பிடுகிறவரின் குடல், சாப்பாட்டில் உள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்கை எடுத்தாலே பெரிய விசயம். இந்தக் கணக்கு எந்தப் பக்கம் சரியும் எண்டு பார்க்கப் பட்டம் தேவையில்லை. (மலையகத்தில் அட்டைக் கடியைப் பற்றித்தான் எல்லாரும் கதைப்பார்கள். அட்டையைக் கண்ணால் காணலாம், பிடுங்கி எறியலாம். இது அப்படியில்லை.)

இலங்கை மலைகளில் 1830களில் இருந்து கோப்பி. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நட்டார், 1869இல் கோப்பி இலையில் துருநோய் தென்பட்டது, பிறகு மலை முழுக்கத் தேயிலை ஆனது. இரண்டுக்கும் உழைப்பு தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களில் இருந்து கங்காணிகள் கூட்டிவந்த மக்களுடையது. ஆரம்ப காலத்தில் மன்னாரில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. வந்து சேர்ந்தவர்களுக்குக் கிடைத்தது லயம். ஒரு காம்பராவுக்குள் ஒரு குடும்பம், சிலவேளை அதுக்கு மேலும். லயத்துக்கு மலசலகூடம் கிடையாது. பின்னால் உள்ள தேயிலைச் செடிதான் மறைப்பு. அந்தச் செடிக்கு அடியில் எப்பவும் நிழல், எப்பவும் ஈரம். காலையில் அதே நிலத்தில் வெறுங்காலோடு கொழுந்தெடுக்க நிற்க வேண்டும். கொதார்ட் சுரங்கத்தைத் திறந்த வானத்தின் கீழே ஆயிரக்கணக்கான ஏக்கரில் விரித்துப் போட்ட மாதிரி.

தோட்டத்து ஆட்கள் வீங்கி வெளிறிச் சாவது அரசாங்க வைத்தியர்களுக்குத் தெரியாமல் இல்லை. இலங்கையின் பிரதம சிவில் வைத்திய அதிகாரியாக இருந்த கின்சி 1887இல் ஒரு அறிக்கை எழுதினார். அதன் தலைப்பே இலங்கையின் 'அனீமியா' அல்லது பெரிபெரி பற்றியது எண்டுதான் இருக்கு. பெரிபெரி விற்றமின் குறைவால் வருவது, இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. பெயரிலேயே இருந்த அந்தக் குழப்பம் தீரக் கொஞ்சக் காலம் எடுத்தது. தீர்ந்த பிறகு இன்னொரு வாதம் தொடங்கியது: புழுவைக் கூலிகளே இந்தியாவில் இருந்து கொண்டுவருகிறார்கள், தோட்டத்துக்கு என்ன பொறுப்பு? அரைவாசி உண்மை. ஊரிலேயே புழுவோடு வந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் காய்ந்த நிலத்தில் அந்தக் குடம்பி நெடுநாள் தாக்குப்பிடிக்காது. ஒருவரிடம் இருந்த சில புழுவை ஒரு லயத்துக்கே நூற்றுக்கணக்கில் பங்கு வைத்தது தோட்டத்து மண். அந்த மண்ணை அப்படி வைத்திருந்தவர் தோட்டத் துரை.

இன்னொரு வாதம் சொல்லப்படாமலே ஓடியது. வெளிறிய ஆள் மெல்ல நடப்பான், ஏற்றத்தில் மூச்சு வாங்குவான், மத்தியானத்துக்குப் பிறகு குந்திவிடுவான். பிரட்டுக்களத்தில் அவனுக்குப் பெயர் சோம்பேறி. இது இலங்கைக்கு மட்டும் உரியதும் இல்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏழை வெள்ளையர்களையும் அப்படித்தான் சொன்னார்கள். 1902இல் சார்ள்ஸ் ஸ்ரைல்ஸ் அவர்களிடம் கொழுக்கிப்புழுவைக் கண்டுபிடித்தபோது பத்திரிகைகள் 'சோம்பல் கிருமி' எண்டு செய்தி போட்டன. புழு சோம்பலாக்கும் எண்டதே பகிடி. உண்மையில் நடந்தது, உடம்பில் ஒட்சிசன் காவ ஆளில்லை. அப்படிப்பட்ட உடம்போடு நாள்முழுக்க மலையேறிய பெண்ணை வர்ணிக்க வேறு சொல் தேட வேண்டும்.

எங்களை மிகவும் உறுத்துகிற விசயம் இது. 1902-03 அளவில் இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில், டொல்கோத் சுரங்கத்தில், தொழிலாளர்களுக்கு இதே குருதிச்சோகை வந்தது. ஹோல்டேன் எண்ட பேர்பெற்ற உடற்றொழிலியலாளர் போய்ப் பார்த்து, கொழுக்கிப்புழு எண்டு அறிக்கை கொடுத்தார். சுரங்கத்துக்குள் மலவாளிகள், துப்புரவு எண்டு திருத்தங்கள் பேசப்பட்டன. அதே ஆண்டுகளில் ஜெர்மனியின் ரூர் நிலக்கரிச் சுரங்கங்களில் ஆயிரக்கணக்கானவர்களைப் பரிசோதித்து, நிலத்தடியில் வாளி வைத்து நோயைக் குறைத்தார்கள். ஆக, இலங்கைத் தோட்டக் கம்பனிகளின் பங்காளர்கள் இருந்த அதே இங்கிலாந்தில், இந்த நோயின் வேர்க்காரணம் மலசலகூடம் இல்லாமைதான் எண்டு 20ஆம் நூற்றாண்டு தொடங்கும்போதே தெரியும். தெரியாமல் செய்யவில்லை எண்ட பேச்சுக்கு இடமில்லை.

பிறகுதான் அமெரிக்கப் பணம் வருகிறது. ஸ்ரைல்சின் கண்டுபிடிப்பின் வழியாக, எண்ணெய்ச் செல்வந்தர் ரொக்பெல்லர் 1909இல் 10 லட்சம் டொலர் கொடுத்துக் கொழுக்கிப்புழு ஒழிப்பு ஆணைக்குழு ஒன்றை அமெரிக்காவில் தொடங்கினார். 1913இல் அது உலகம் முழுக்க விரிந்தது. கிழக்கு நாடுகளுக்குப் பொறுப்பாக இருந்த விக்ரர் ஹைசர் இலங்கைக்கு வந்து அரசாங்கத்தோடும் தோட்டத் துரைமாரோடும் பேசினார். 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் வேலை தொடங்கியது. லயம் லயமாகப் போய், மலமாதிரி எடுத்து, நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். மிகப் பெரும்பான்மையானவர்களிடம் புழு இருந்தது.

சிகிச்சை லேசுப்பட்டது இல்லை. தைமோல், பிறகு செனோபோடியம் எண்ட ஒரு பூண்டின் எண்ணெய், அதோட பேதிமருந்து. அந்த எண்ணெய் அளவு கூடினால் ஆளையே கொல்லும். வயிற்றைக் காயப்போட்டு, குடித்து, பேதி போய்க் கிடந்தால் அண்டைக்கு வேலை இல்லை. துரைமார் இதுக்குச் சம்மதித்ததே, புழு போன ஆள் கூடக் கொழுந்தெடுப்பான் எண்ட கணக்கில். இதை நாங்கள் வன்மத்தில் சொல்லவில்லை. வேலைத்திறன் கூடும், செலவு மிச்சம் எண்டுதான் ஒழிப்புக்காரர்களே துரைமாருக்கு விளங்கப்படுத்தினார்கள். நோயாளியின் மூச்சு வாங்கலை விட அவர் பறிக்கிற கொழுந்தின் நிறைதான் பேரத்துக்கு உதவியது.

ரொக்பெல்லர் ஆட்களின் திட்டத்தில் இரண்டு பாதி. மருந்து கொடுப்பது அவர்களின் பாதி. மலசலகூடம் கட்டுவது தோட்டத்தின் பாதி, கட்ட வைப்பது அரசாங்கத்தின் வேலை. முதல் பாதி நடந்தது. இரண்டாம் பாதியில் இழுபறி. செலவு அதிகம் எண்டார்கள். தண்ணீர் இல்லை எண்டார்கள். கட்டினாலும் கூலிகள் பாவிக்க மாட்டார்கள், அது அவர்களின் பழக்கம் எண்டார்கள். இந்தக் கடைசி வாதத்தை நாங்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நூறு பேருக்கு நாலைந்து குழி, லயத்தில் இருந்து தள்ளி, இரவில் வெளிச்சமில்லாத மலைச்சரிவில் இருந்தால் ஒரு பெண் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போவாளா? துப்புரவாக்க ஆள் போடாத குழிக்குள் யார் போவார்கள்? அந்தத் துப்புரவை எந்தச் சாதியின் தலையில் கட்டினார்கள் எண்டதும் எங்களுக்குத் தெரியும். பாவிக்க முடியாததைக் கட்டிவிட்டு 'பழக்கம்' எண்டு எழுதுவது லேசு.

அரசாங்கமும் அழுத்தவில்லை. 1872இலேயே தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கு எண்டு ஒரு கட்டளைச்சட்டம் வந்தது, 1912இல் இன்னும் விரிவான சட்டம் வந்தது. இரண்டிலும் பணம் யார் கட்டுவது எண்ட இழுபறிதான் முக்கால்வாசி. விளைவு எதிர்பார்த்ததுதான். மருந்து குடித்துப் புழு போனவர், அடுத்த நாள் அதே மண்ணில் அதே வெறுங்காலோடு. மறுபடி பரிசோதித்தபோது புழு திரும்ப வந்திருந்தது. 1922 அளவில் தோட்டங்களை மையமாக வைத்த அந்த இயக்கம் ஓய்ந்தது.

தோல்வியில் இருந்து பாடம் படித்தார்கள், ஆனால் படித்த இடத்தில் அதைப் பாவிக்கவில்லை. மருந்தை மட்டும் கொடுத்துச் சரிவராது. வீட்டுக்கு வீடு போகிற மருத்துவமாது, சுகாதாரப் பரிசோதகர், கர்ப்பிணிக் கிளினிக், மலசலகூடம், எல்லாம் ஒரு கூரையின் கீழ் வேண்டும் எண்ட யோசனையில் 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. இண்டைக்கு எங்கட ஊர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் மூலம் அதுதான். இலங்கையின் தாய்சேய் மரணம் குறைந்ததை உலகமே புகழும்போது, அந்தப் புகழின் அடிவேர் இங்கேதான் இருக்கு. ஆனால் தோட்டத்தின் சுகாதாரம் முதலாளியின் பொறுப்பு எண்டு ஒதுக்கப்பட்டதால், மாத்தளை லயங்களில் படித்த பாடத்தின் பலன் முதலில் கிராமங்களுக்குப் போனது. லயத்துக்கு அது வந்துசேரப் பல தசாப்தங்கள் எடுத்தது. இடையில் 1948இல் அந்த மக்களின் குடியுரிமையே பறிபோனது. வாக்கில்லாத ஆளுக்கு மலசலகூடம் கட்ட எந்த அரசியல்வாதிக்கு அவசரம்?

இதுவரை செலவுப் பக்கம்தான் பார்த்தோம். வரவுப் பக்கம் இன்னும் சுருக்கமான கதை. தொழிலாளி கங்காணியிடம் கடன்பட்டு வந்தவர். தோட்டம் கொடுத்த அரிசிக்குச் சம்பளத்தில் கழித்தார்கள். 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோதும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு அதைவிடக் குறைவு, பிள்ளைக்கு இன்னும் குறைவு எண்டு மூன்று படி. தோட்டங்களில் பெண்ணுக்கும் ஆணுக்கும் சமசம்பளம் வந்தது 1984இல். இறைச்சியும் மீனும் எப்பவாவதுதான் அந்த அடுப்பில் ஏறின. ஏறினாலும் கடைசியாகச் சாப்பிட்டவர் யார் எண்டு எங்கட எந்தப் பிரதேசத்து வீட்டிலும் கேட்கத் தேவையில்லை. அதிகம் இரும்பு இழக்கிறவருக்கே மிஞ்சினது கிடைத்தது.

தேத்தண்ணியையும் சொல்ல வேணும். தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான தனின் தாவர உணவிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலுக்கு விடாது. சாப்பாட்டோடு குடித்தால் உறிஞ்சல் பாதிக்கும் மேல் குறையலாம் எண்டு 1970களில் இருந்து ஆய்வுகள் காட்டுகின்றன. ரொட்டியும் சாயத்தண்ணியும் மலையகத்தின் காலைச் சாப்பாடு. உலகத்துக்குத் தேயிலை கொடுத்த பெண், தன் ரொட்டியில் இருந்த கொஞ்ச இரும்பையும் அதே தேயிலையிடம் இழக்கிறாள். ஒரு தேசிக்காய் பிழிந்தால் நிலைமை கொஞ்சம் திருந்தும், ஏனெண்டால் விற்றமின் சி இரும்பை உள்ளே விடும். தேத்தண்ணியைச் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கச் சொல்வதும் அதுக்குத்தான். ஆனால் மலையில் வேலை செய்கிறவருக்கு எந்த மணித்தியாலம் அவருடையது?

இடையில் ஒன்று: வெளிறல் எல்லாம் இரும்புக் குறைவு இல்லை. 1928இல் பம்பாய்க்குப் போன லூசி வில்ஸ் எண்ட பெண் வைத்தியர், ஆலைத்தொழிலாளரான கர்ப்பிணிகளின் ஒருவகைக் குருதிச்சோகை இரும்புக்குக் கட்டுப்படாமல் மார்மைற்றுக்குக் கட்டுப்படுவதைக் கண்டார். பிறகு அது போலிக் அமிலம் எண்டு தெரிந்தது. கர்ப்பிணிகளுக்கு இரண்டு விதக் குளிசை கொடுப்பதன் கதை இதில் இருக்கு. இலங்கையில் தலசீமியாவும் உண்டு. அதனால் பரிசோதிக்காமல் கண்டபடி இரும்புக் குளிசை விழுங்கச் சொல்லி நாங்கள் எழுதவில்லை.

1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடமையாகின, 1992இல் திரும்பக் கம்பனிகளின் கைக்குப் போயின. மெபென்டசோல் வந்த பிறகு புழு மருந்து ஒரு சின்னக் குளிசையாகிவிட்டது, பாடசாலையிலும் கிளினிக்கிலும் கொடுக்கிறார்கள். லயங்களில் மலசலகூடங்கள் வந்தன, காலில் செருப்பும் வந்தது, கொழுக்கிப்புழு வெகுவாகக் குறைந்தது. அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் வரவுப் பக்கம் அவ்வளவு மாறவில்லை. 2016இன் குடித்தொகை சுகாதார ஆய்வில் நாடு முழுக்க 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள், தோட்டப்புறத்தில் அது 32 வீதம். அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேர் பெண்பிள்ளைகள், குறைந்த சேமிப்போடு பூப்படைந்து, குறைந்த சேமிப்போடு தாயாகிறவர்கள். நாளுக்கு 1000 ரூபாய்ச் சம்பளம் கேட்டு எத்தனை வருசம் தெருவில் நின்றார்கள் எண்டது எங்கட தலைமுறை கண்ணால் கண்டது. அது 2021இல் கிடைத்தது. அடுத்த வருசமே விலைவாசி அதைத் தின்றுவிட்டது.

லயத்தில் மலசலகூடம் வந்துவிட்டது எண்டோம். கொழுந்தெடுக்கிற மலையில்? அங்கே அது இல்லாத தோட்டங்கள் இப்பவும் இருக்கு. காலையில் தண்ணீர் குடிக்காமல் மலையேறுகிற பெண்களும், மாதவிடாய் நாட்களில் துணி மாற்ற இடமில்லாமல் பின்னேரம் வரை நிற்கிற பெண்களும் இருக்கினம். மறைப்புக்கு அவர்கள் போவது, 1916இல் போன அதே தேயிலைச் செடிக்குப் பின்னால்.